வாரண்டி முடிந்தபின் உடைந்த மோட்டார் இஞ்சின்: பழைய பாகத்தைக் கைவிடாதீர்கள்

பினாங்கின் பிறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 150 சிசி மோட்டார் சைக்கிள், புதிதாக வாங்கி இரண்டு ஆண்டு நான்கு மாதம் ஆகிறது. வாரண்டி 2 ஆண்டு அல்லது 20,000 கிலோமீட்டர். மீட்டரில் 26,400 ஓடியிருக்கிறது. பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, தினமும் பாலம் கடந்து போய் வருகிறார். போன வாரம் இரவு வேலை முடிந்து திரும்பும்போது பாலத்தின் நடுவில் இஞ்சினில் கடகடவென்று சத்தம், அப்புறம் நின்றுவிட்டது. வாங்கிய கடையிலேயே திறந்து பார்த்திருக்கிறார்கள். வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாப்ட்டும், அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர் ஆர்மும் அரித்துப்போய், உலோகத் துகள் எண்ணெயில் கலந்து, பிஸ்டன் தண்டின் அடிமுனையில் உள்ள பிக் எண்ட் பேரிங்கும் கெட்டுவிட்டதாம். செலவு 2,850 வெள்ளி (ரிங்கிட்). கம்பெனியிடம் கேட்டால் "வாரண்டி முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது" என்று பதில். இதற்கு மேல் வழி இருக்கிறதா என்பதுதான் அவர் கேள்வி.

இருக்கிறது தம்பி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு அவசர வேலை. கடைக்குப் போன் செய்து, கழற்றிய பாகம் எதையும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். சொன்னதை வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்புங்கள், எழுத்தில் இருக்கட்டும். கேம்ஷாப்ட், ராக்கர் ஆர்ம், பேரிங், பிஸ்டன், சிலிண்டர், ஆயில் பில்டர், வடித்த எண்ணெயில் ஒரு சின்ன போத்தல், இவ்வளவும் உங்கள் கைக்கு வர வேண்டும். பட்டறைகளில் பழைய இரும்பு அதிக நாள் தங்காது. வாரம் ஒருமுறை பழைய இரும்பு வாங்குபவரின் லோரி வரும், எல்லாம் அதில் ஏறிவிடும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்டர்வொர்த் பக்கம் ஒரு விற்பனைக் கடையின் சர்வீஸ் பகுதியில் ஒன்பது ஆண்டு இருந்தேன். வாரண்டி விண்ணப்பங்களைத் தயாரித்துக் கம்பெனிக்கு அனுப்புவது என் வேலை. இப்போது சொந்தமாகச் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். இவ்வளவு தெரிந்தும் என் மச்சானின் ஸ்கூட்டர் விஷயத்தில் நானே கோட்டை விட்டேன். வாரண்டி முடிந்து ஆறு வாரத்தில் இஞ்சின் போய்விட்டது. கம்பெனி மறுத்தது. அவருக்கு வேலைக்குப் போக வண்டி வேண்டும் என்ற அவசரத்தில், உடனே சரிசெய்யச் சொல்லிவிட்டோம். பிறகு புகார் எழுதினோம். "எந்தப் பாகம் கெட்டது, காட்டுங்கள்" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. அத்தோடு முடிந்தது. அந்தப் பணம் போனது இன்றும் எனக்கு மனதில் நிற்கிறது, ஏனென்றால் அது தடுத்திருக்கக் கூடிய இழப்பு.

சரி, சட்டத்துக்கு வருவோம். வாரண்டி என்பது கம்பெனி தானாக முன்வந்து கொடுக்கும் வாக்கு. அது 2 ஆண்டில் முடியலாம். ஆனால் மலேசியாவில் அதற்கு அடியில் இன்னொரு உத்தரவாதம் இருக்கிறது, அதைச் சட்டமே கொடுக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஏற்கத்தக்க தரம் என்றால் என்ன என்பதையும் அங்கேயே சொல்கிறது: அந்த வகைப் பொருள் எதற்காக விற்கப்படுகிறதோ அதற்குப் பயன்பட வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், சிறு குறைகூட இருக்கக் கூடாது, நீடித்து உழைக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது இந்தக் கடைசி வார்த்தைதான். எத்தனை மாதம் உழைக்க வேண்டும் என்று சட்டம் எண் போடவில்லை. பொருளின் தன்மை, விலை, அதைப் பற்றிக் கம்பெனி சொன்ன வார்த்தைகள், இவற்றையெல்லாம் வைத்து, உள்ளே மறைந்திருந்த குறையும் தெரிந்திருந்தால் நியாயமான ஒரு பயனீட்டாளர் இதை ஏற்றுக்கொண்டிருப்பாரா என்று பார்க்கச் சொல்கிறது. எட்டாயிரம், ஒன்பதாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய புது மோட்டாரின் கேம்ஷாப்ட் 26,000 கிலோமீட்டரில் அரித்துப்போவதை யாராவது சரி என்பார்களா? நம் ஊரில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கப்சாய்களை, அதாவது சின்ன ரக மோட்டார்களை, எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

கடை வைத்திருப்பவர் "எங்களிடம் வாங்கியதற்கு ரசீதிலேயே போட்டிருக்கிறது, வாரண்டிக்குப் பிறகு பொறுப்பில்லை" என்று காட்டலாம். அப்படி எழுதி இந்த உரிமையைப் பறிக்க முடியாது என்று அதே சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்கிறது.

இன்னொரு சாக்கும் வரும்: "இது ஜப்பானில் வடிவமைத்தது, நாங்கள் விநியோகஸ்தர் மட்டும்தான்." சட்டத்தில் உற்பத்தியாளர் என்ற சொல்லுக்குள் பாகங்களைக் கோத்து வண்டியாக்குபவரும் வருவார், தன் பெயரைப் பொருளில் பதிப்பவரும் வருவார். வெளிநாட்டு உற்பத்தியாளருக்கு இங்கே தொழிலிடம் இல்லையென்றால், இறக்குமதி செய்பவரும் விநியோகஸ்தரும்கூட வருவார்கள். விற்ற கடைக்கும் தனிப் பொறுப்பு உண்டு. ஆகவே கடை கம்பெனியைக் காட்டுவதும், கம்பெனி கடையைக் காட்டுவதுமாக உங்களை அலைக்கழிக்க விடாதீர்கள். இருவருக்கும் சேர்த்தே எழுதலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. பொருளை நியாயமான பயனீட்டாளர் பயன்படுத்தும் விதத்துக்கு மாறாக, அல்லது அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதால் கெட்டிருந்தால் அந்த உத்தரவாதம் கைகொடுக்காது. கம்பெனி நிற்கப் போகும் இடம் இதுதான். "வாரண்டி முடிந்தது" என்ற பதில் உடைந்தவுடன், "நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை" என்ற அடுத்த பதில் வரும். அதனால் உங்கள் வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில்தான் தொங்குகிறது: கேம்ஷாப்ட் ஏன் அரித்தது?

கேம்ஷாப்ட் இஞ்சினின் தலையில் இருக்கிறது. எண்ணெய் பம்பு கீழே. எண்ணெய் குறைந்தாலோ, வழி அடைத்தாலோ முதலில் வாடுவது மேலே இருப்பதுதான். 150 சிசி வண்டியில் மொத்த எண்ணெயே ஏறக்குறைய ஒரு லிட்டர். அதில் அரை லிட்டர் எரிந்துபோனால் பாதி போய்விட்டது என்று அர்த்தம். அப்படி எண்ணெய் இல்லாமல் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் அது ஒரு இடத்தோடு நிற்காது. பிஸ்டன் ஓரத்தில் செங்குத்தான கீறல் இருக்கும், கேம்ஷாப்ட் சுழலும் இடங்கள் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும், உள்ளே கருப்பாகப் பிசின் மாதிரி படிந்திருக்கும். மாறாக, உலோகத்தின் மேற்பரப்பைக் கடினமாக்கும் பக்குவம் தொழிற்சாலையில் சரியாக அமையவில்லை என்றால், கேமின் மூக்கிலும் (புடைத்த முனை) ராக்கர் ஆர்ம் உரசும் இடத்திலும் மட்டும் குழி குழியாகப் பெயர்ந்திருக்கும். மற்ற இடங்கள் சுத்தமாக, நிறம் மாறாமல் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அனுபவமுள்ள மெக்கானிக்குக் கண்ணிலேயே தெரியும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, தலைக்குப் போகும் எண்ணெய்த் துளையில் கேஸ்கட் பசைத் துண்டு போய் அடைத்துக்கொள்வது. அது தொழிற்சாலையில் நடந்திருக்கலாம், இடையில் யாராவது இஞ்சினைத் திறந்திருந்தால் அங்கேயும் நடந்திருக்கலாம். அந்தத் துளையைக் கழுவுவதற்கு முன் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

படம் எடுக்கும்போது பாகத்தோடு சேர்த்து இஞ்சின் எண்ணும் வண்டி எண் பலகையும் தெரியும்படி ஒன்றாவது எடுங்கள். இல்லாவிட்டால் "இது வேறு வண்டியின் பாகம்" என்ற பேச்சு வரும். பிறகு அந்தக் கடையோடு சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரிடம், தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் பாடம் நடத்துபவர் கிடைத்தால் இன்னும் நல்லது, ஒரு பக்கத்துக்கு அறிக்கை வாங்குங்கள். தன் பெயர், தகுதி, எத்தனை ஆண்டு அனுபவம், என்ன பார்த்தார், என்ன காரணம் என்று நினைக்கிறார், அவ்வளவு போதும். அதற்கு நூறோ நூற்றைம்பதோ கேட்டால் கொடுத்துவிடுங்கள். உங்கள் கோரிக்கையில் இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பராமரிப்புக்கு ஆதாரம்: சர்வீஸ் புத்தகம், ரசீதுகள், இரண்டும். முதல் சில சர்வீஸ் கடையிலும் மற்றதை வீட்டுப் பக்கத்துப் பட்டறையிலும் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் பயப்பட வேண்டாம். வெளியில் சர்வீஸ் செய்தால் கம்பெனியின் வாரண்டி அட்டைப்படி சிக்கல் வரலாம், சட்டத்தின் உத்தரவாதம் அதனால் மட்டும் அழியாது. எண்ணெய் நேரத்துக்கு மாற்றப்பட்டதா, சரியான எண்ணெயா என்பதுதான் விஷயம். பட்டறை தவுக்கே, அதாவது முதலாளி, ரசீது எழுதாதவராக இருந்தால், அவர் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டித் தேதியும் கிலோமீட்டரும் போட்டு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் வங்கிக் கணக்கிலும் இ-வாலட்டிலும் அன்றைக்குப் பணம் போனது இருக்கும். எண்ணெய் போத்தலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருந்ததா என்றும் பாருங்கள், மோட்டாரின் ஈரக் கிளட்ச்சுக்கு (எண்ணெயில் நனைந்தே ஓடும் கிளட்ச்) ஏற்ற எண்ணெய் என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கடையின் வேலைச் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசியுங்கள். "மின்னியாக் கெரிங்" என்று ஒரு மூலையில் கிறுக்கியிருப்பார்கள், அதாவது எண்ணெய் வற்றிவிட்டது என்று. திறந்தபோது எவ்வளவு எண்ணெய் வடிந்தது என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள், ஆனால் அந்த இரண்டு வார்த்தை உங்கள் கையெழுத்தோடு கம்பெனிக்குப் போனால் அதுதான் உண்மையாகிவிடும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், "இதை நான் ஏற்கவில்லை, எண்ணெய் அளக்கப்படவில்லை" என்று இன்றே எழுத்தில் அனுப்புங்கள்.

இப்போது கேட்கும் முறை. வாரண்டி முடிந்த வண்டிக்கும் கம்பெனிகள் தயவாக உதவுவது உண்டு. நான் இருந்த காலத்தில், நல்ல சர்வீஸ் பதிவும் தெளிவான படமும் இருந்தால், பாகத்தைக் கம்பெனியும் கூலியை வாடிக்கையாளரும் ஏற்றுக்கொள்வது என்ற மாதிரி முடிவுகள் வந்திருக்கின்றன. சுங்கை பாக்காப்பிலிருந்து வந்த ஒரு அக்கா, மகனுக்கு வாங்கிய வண்டி, எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு ரசீதையும் பால்மாவு டின்னில் போட்டு வைத்திருந்தார். அந்த டின்னோடு கவுண்டரில் வந்து உட்கார்ந்தார். ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கி நான் அனுப்பினேன், பாகம் முழுக்க இலவசமாக வந்தது. கவுண்டரில் உங்களுக்கு "முடியாது" என்றவருக்கு முடிவெடுக்கும் அதிகாரமே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். அவரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. உங்கள் கோப்பு கம்பெனியின் தொழில்நுட்பப் பகுதிக்குப் போனதா, போனால் எந்தத் தேதியில், மறுப்புக்கு எழுத்தில் என்ன காரணம் என்று மட்டும் கேளுங்கள். "காலம் முடிந்தது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள், பராமரிப்பைப் பற்றி அவர்கள் அன்றைக்கு ஒரு குறையும் சொல்லவில்லை என்பதற்கு அது சாட்சி.

கடிதம் மலாயில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். எப்போது வாங்கினேன், என்ன விலை, எத்தனை கிலோமீட்டர், என்ன நடந்தது, எந்தப் பாகம் எப்படிக் கெட்டிருக்கிறது, பராமரிப்புப் பதிவு இணைப்பில். அதன் பிறகு ஒரு வரி: 1999 சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி இந்தப் பொருள் நீடித்து உழைக்கவில்லை, 14 நாளுக்குள் உங்கள் செலவில் சரிசெய்து தர வேண்டும், இல்லையென்றால் வெளியில் சரிசெய்து அந்தச் செலவைக் கோருவேன். பாகங்களைப் பார்க்க விரும்பினால் வந்து பார்க்கலாம் என்றும் எழுதுங்கள். அது உங்கள் நேர்மையைக் காட்டும், பிறகு "எங்களைப் பார்க்க விடவில்லை" என்று சொல்லவும் முடியாது. பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஃபேஸ்புக்கில் கடைக்காரர் பெயரைப் போட்டுத் திட்டுவது வேண்டாம். அவதூறு என்று அவர்கள் கையில் நீங்களே ஒரு ஆயுதம் கொடுக்க வேண்டியதில்லை.

சரிசெய்ய அவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்து, அவர்கள் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ, வேறு இடத்தில் சரிசெய்து நியாயமான செலவை விற்றவரிடம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. வேலைக்குப் போக வண்டி வேண்டுமே என்று எழுதியிருந்தீர்கள். 14 நாள் மட்டும் பொறுங்கள், படமும் அறிக்கையும் பாகமும் கையில் வந்தபின் தாராளமாகச் சரிசெய்துகொள்ளலாம். இந்த நாட்களில் கிராப் வாடகை வண்டி எடுத்தால் அந்த ரசீதையும் வையுங்கள். முன்கூட்டியே எதிர்பார்க்கக் கூடிய இழப்பையும் கோரலாம்.

நடுவில் அவர்கள் "பாகத்தில் 30 விழுக்காடு கழிவு தருகிறோம்" என்று கூப்பிடுவார்கள். மோசமான சலுகை என்று சொல்ல மாட்டேன், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் அதை வாங்கும்போது "இத்தோடு எல்லாக் கோரிக்கையும் முடிந்தது" என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால், அதன் பிறகு திரும்பி வர முடியாது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். உங்கள் நிலையில் நான் இருந்தால், பாகம் முழுவதும் அவர்கள், கூலி நான் என்ற அளவுக்கு வந்தால் ஒத்துக்கொள்வேன். அதற்குக் கீழே என்றால் தீர்ப்பாயம்தான்.

மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா, உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழ் இருக்கிறது. பினாங்கிலேயே மனு கொடுக்கலாம், இணையத்திலும் கொடுக்கலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், முன்பு 25,000 ஆக இருந்தது. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, எதிர்த்தரப்பும் பொதுவாக வழக்கறிஞரைக் கொண்டுவர முடியாது. போராங் 1 என்ற பாரத்தில் கடையின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் பதிவில் உள்ளபடியே எழுதுங்கள், பெயர்ப்பலகையில் இருப்பது வேறாக இருக்கும், ரசீதின் அடியில் பாருங்கள். விசாரணையில் முதலில் இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ள முடியுமா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் கம்பெனி ஆள் அங்கே வந்து உட்கார்ந்த பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும். தீர்ப்புக் கிடைத்து 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், தண்டனை உண்டு. கம்பெனிகள் இந்த இடத்தை மதிப்பதற்கு அதுதான் காரணம்.

காலக்கெடு ஒன்று இருக்கிறது: கோரிக்கைக்குக் காரணம் எழுந்து 3 ஆண்டுக்குள் மனு போக வேண்டும். அது இஞ்சின் நின்ற நாளா, வண்டி வாங்கிய நாளா என்று எதிர்த்தரப்பு வாதிட விடாதீர்கள். வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொண்டு செயல்படுங்கள். உங்களுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

தனியாகப் பாரம் நிரப்பத் தயக்கமாக இருந்தால், ஜார்ஜ்டவுனில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், பல ஆண்டுகளாகத் தமிழில் பயனீட்டாளர் விழிப்புணர்வு வேலை செய்து வருபவர்கள்.

வண்டி கடனில் இருந்தால் தவணையைக் கட்டிக்கொண்டே இருங்கள். ஓடாத வண்டிக்கு ஏன் கட்ட வேண்டும் என்ற கோபம் நியாயம்தான், ஆனால் தவணை நின்றால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அத்தோடு உங்கள் ஆதாரமும் போகும்.

உணவு டெலிவரி ஓட்டும் தம்பிகளும் இதே கேள்வியைக் கேட்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் பயனீட்டாளரே இல்லை என்று கம்பெனி சொல்லிப் பார்க்கும். சட்டம் விலக்குவது மறுவிற்பனைக்காக வாங்குபவரையும், உற்பத்தியில் செலவழிக்க வாங்குபவரையும் போன்றவர்களை. டெலிவரி ஓட்டுவதால் மட்டும் நீங்கள் அந்த வகையில் சேர மாட்டீர்கள் என்பது என் வாதம். ஆனால் ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் ஓட்டினால் 'அளவுக்கு மீறிய பயன்பாடு' என்ற பேச்சு கட்டாயம் எழும், எண்ணெய் ரசீது உங்களுக்கு இரட்டிப்பு அவசியம். பிறைத் தம்பிக்கு அந்தக் கவலை இல்லை. வேலைக்குப் பாலம் கடந்து போய் வருவதற்குத்தான் இந்த ஊரில் மோட்டாரே விற்கிறார்கள்.

கடைசியாக, ஒரு கேள்விக்கு உங்களுக்குள்ளேயே உண்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது? ஏழாயிரம், எட்டாயிரம் கிலோமீட்டர் மாற்றாமல் ஓட்டியிருந்தால், அல்லது போர் அப் செய்து (சிலிண்டரை அகலப்படுத்தி) பெரிய பிஸ்டன் போட்டிருந்தால், இஞ்சினைக் கட்டுப்படுத்தும் இசியூ கணினியில் கை வைத்திருந்தால், இந்த வழியில் இறங்க வேண்டாம். தோற்பீர்கள், இரண்டு மூன்று மாதமும் வீணாகும். அந்த நேரத்தில் நல்ல பட்டறையில் பேசி, பழைய ஆனால் நல்ல நிலையிலுள்ள கேம்ஷாப்ட் தேடிச் செலவைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம், அதற்கும் நான் உதவுகிறேன்.

அப்படி இல்லை, நேரத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள் என்றால், சனிக்கிழமை காலை ஒரு பெட்டியோடு கடைக்குப் போய்ப் பாகங்களை வாங்கி வாருங்கள். கேமின் மூக்கையும் பிஸ்டன் ஓரத்தையும் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், ரசீதுகளையும் சேர்த்து. பார்த்துவிட்டு கடிதத்தை மலாயில் நான் எழுதித் தருகிறேன்.